சிறு அலுவலகத்துக்கு லினக்ஸ் ஃபயர்வால்: விழுப்புரம், திண்டிவனம் நிலவரத்தை முன்வைத்து

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆடிட்டர் அலுவலகம், அரிசி ஆலை, பத்திரம் எழுதும் இடம், ஸ்கேன் சென்டர், மெட்ரிக் பள்ளி அலுவலகம் என எங்கே நுழைந்தாலும் நெட்வொர்க் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஃபைபர் வந்து இறங்கும் வெள்ளை டப்பா ஒன்று, அதிலிருந்து ஒரு எட்டு போர்ட் சுவிட்ச். டேலி ஓடும் கம்ப்யூட்டர், பில் போடும் கம்ப்யூட்டர், சிசிடிவி பதிவுப் பெட்டி, கைரேகை வருகைப்பதிவு இயந்திரம், பிரிண்டர், வந்துபோகிறவர்களின் செல்போன் எல்லாம் அந்த ஒரே சுவிட்சில், ஒரே வைஃபையில். இணைப்பு கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெளியுலகத்துக்கும் இந்தக் கணக்குவழக்குகளுக்கும் நடுவே நிற்பது அந்த டப்பா மட்டும்தான்.

இந்த அளவிலான அலுவலகத்துக்குத் தனியாக ஒரு ஃபயர்வால் வேண்டுமா, வேண்டுமென்றால் அதை லினக்ஸில் அமைக்கலாமா, அமைத்தால் யார் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து முதல் முப்பது கம்ப்யூட்டர் வரை உள்ள இடங்களே என் மனத்தில் இருப்பவை. மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாமல் முதல் இரண்டுக்கும் விடை சொல்லிப் பயனில்லை என்பது என் முடிவு.

லினக்ஸ் ஃபயர்வால் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த காலத்தில் ஒரே இணைப்பைப் பிரவுசிங் சென்டரிலும் கல்லூரி லேபிலும் பல கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பென்டியம் பெட்டியில் இரண்டு லேன் கார்டு சொருகி, லினக்ஸ் போட்டு, ஐபிடேபிள்ஸில் சில வரிகள் எழுதி, ஸ்குவிட் ப்ராக்ஸியை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஐபிடேபிள்ஸ், 2001 ஜனவரியில் லினக்ஸ் 2.4 கர்னலோடு வந்தது. ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய நெட்ஃபில்டர் திட்டத்தின் பகுதி அது. அதற்கு முந்தைய ஐபிசெயின்ஸுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனி. ஐபிடேபிள்ஸோ ஒரு தொடர்பை யார் தொடங்கியது, இது அதற்கு வரும் பதிலா என்று நினைவில் வைத்துப் பார்த்தது. இன்றைக்கும் எல்லா ஃபயர்வாலுக்கும் அடிப்படை அந்த நினைவுதான். 2014-ல் 3.13 கர்னலில் என்எஃப்டேபிள்ஸ் வந்தது. 2019-ல் டெபியன் 10 அதையே இயல்பாக எடுத்துக்கொண்டது.

பிறகு மலிவான ரவுட்டர்கள் வந்து அந்தப் பென்டியம் பெட்டிகளை ஓரங்கட்டின. ஆனால் லினக்ஸ் எங்கும் போய்விடவில்லை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீல நிற டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவது தெரியவந்து, உரிம நிபந்தனைப்படி 2003-ல் அதன் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து பிறந்ததுதான் ஓப்பன்-டபிள்யூஆர்டி. இன்று உங்கள் சுவரில் தொங்கும் வெள்ளை டப்பாவிலும் பெரும்பாலும் லினக்ஸ் கர்னல்தான் இருக்கிறது. ஆகவே ‘லினக்ஸ் வேண்டுமா’ என்ற கேள்விக்குப் பெரிய பொருளில்லை. அதன் விதிகள் உங்கள் கையில் இருக்கின்றனவா, எங்கோ ஒரு ஆலையில் அடைத்து அனுப்பியபடியே கிடக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது.

‘நம்ம ஊர் அரிசி மண்டியை எவன் ஹேக் பண்ணப் போறான்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாக்குகிறவன் ஊர் பார்த்து வருவதில்லை. முகவரி வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும் நிரல்தான் வருகிறது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை நிரல் பரவியபோது கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஊராட்சி அலுவலகத்தைவிடச் சிறிய குறி ஒன்று உண்டா? வானாக்ரை 445-ஆம் போர்ட் வழியாகப் பரவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களிலேயே கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட நிகழ்வு நடந்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் முடங்கியபோது, நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு விளக்கியது. அந்த விளக்கம் சிறு அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்தும். எல்லாம் ஒரே சுவிட்சில் இருந்தால், ஒன்றில் நுழைந்தவனுக்கு எல்லாமே திறந்த வீடு.

சிறு அலுவலகங்களில் ஆபத்து பெரும்பாலும் இரண்டு ஓட்டைகள் வழியாகவே வருகிறது, இரண்டையும் நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். முதலாவது, முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 3389-ஆம் போர்ட்டைத் திறந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை வெளியே காட்டுவது. இரண்டாவது, செல்போனில் கேமரா பார்ப்பதற்காக சிசிடிவி பதிவுப் பெட்டியின் போர்ட்டைத் திறப்பது. 2016-ல் மிராய் என்ற நிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டு கொண்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் படையாகத் திரட்டி, அந்த அக்டோபரில் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்காவில் பெருந்தளங்கள் பலவற்றை முடக்கியது. போர்ட்டைத் திறந்துவிட்டுப் பேசாமல் பாஸ்வேர்டை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்.

எந்த வழியில் போகலாம்? பார்க்கத் தகுந்தவை நான்கு.

கட்டணப் பெட்டிகள் முதலில். ஃபோர்டிநெட், சோஃபோஸ், நம் நாட்டு சீக்ரைட். ஒரு காலத்தில் நம் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருந்த அகமதாபாத்தின் சைபரோம் 2014-ல் சோஃபோஸுக்குக் கைமாறியது. பெட்டி நன்றாக வேலை செய்யும். விற்பவர் வந்து மாட்டியும் தருவார். சிக்கல் இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறது. லைசென்ஸ் புதுப்பிக்கப் பணம் கேட்கும்போது சிறு அலுவலகம் தயங்கும். புதுப்பிக்காத பெட்டி பழைய மென்பொருளோடு அப்படியே நிற்கும். 2021 செப்டம்பரில் ஏறத்தாழ 87,000 ஃபோர்டிநெட்டின் ஃபோர்டிகேட் பெட்டிகளின் விபிஎன் கடவுச்சொற்கள் வெளியாயின. அதற்கு வழிவிட்ட ஓட்டைக்கான திருத்தம் 2019 மே மாதமே வந்துவிட்டது. விலை கொடுத்து வாங்கியும் புதுப்பிக்காததால் வந்த வினை அது.

இரண்டாவது, ஓப்பன்-டபிள்யூஆர்டி. ஐந்தாறு கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு இதுவே போதும். கடையில் கிடைக்கும் எல்லா ரவுட்டரிலும் ஏறாது. 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி நினைவகம் உள்ளவற்றை அந்தத் திட்டமே வேண்டாம் என்கிறது. மாடல் எண்ணையும் ஹார்டுவேர் பதிப்பு எண்ணையும் பொருந்தும் கருவிகளின் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஃபயர்வாலுக்கென்றே ஆன தொகுப்புகள். ஐபிஃபயர் லினக்ஸில் அமைந்தது. உள்பக்கம் பச்சை, வெளிப்பக்கம் சிவப்பு, வைஃபை நீலம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அதன் முறை புதியவர்களுக்கு எளிதில் விளங்கும். ஆனால் ஐபிவி6 விஷயத்தில் பின்தங்கியிருக்கிறது. பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் பலர் நினைப்பதுபோல லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி. அதனால் குறைவில்லை. திரையில் சொடுக்கி வேலை செய்ய விரும்புகிறவருக்கு ஓபிஎன்சென்ஸை நான் தயங்காமல் சொல்வேன்.

நான்காவது, வெறும் டெபியன் போட்டு என்எஃப்டேபிள்ஸ் விதிகளைக் கையால் எழுதுவது. என் சாய்வு இதன் பக்கம். மொத்த விதிகளும் ஒரே கோப்பில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அச்செடுத்து ஃபைலில் வைக்கலாம். அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். படிக்கத் தெரிந்த ஆள் இல்லாத இடத்தில் இது வேண்டாம்.

இனி அமைக்கும் விதம். பழைய டெஸ்க்டாப்பில் இன்னொரு லேன் கார்டு போட்டால் செலவு கிட்டத்தட்ட இல்லை என்பார்கள். கரண்ட் பில்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட். நான்கு போர்ட் உள்ள, 12 வாட் அளவில் ஓடும் மின்விசிறி இல்லாத மினி பெட்டிக்கு 9 யூனிட்டுக்கும் குறைவு. வணிக இணைப்பின் கட்டணத்தில் இந்த வித்தியாசமே காலப்போக்கில் பெட்டியின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். நான்கு போர்ட் இருப்பதில் இன்னொரு வசதி, பகுதி பிரிக்க விலை கூடிய மேனேஜ்டு சுவிட்ச் தேவைப்படாது.

ஃபைபர் டப்பாவை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித்தரச் சொல்லி இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரில் பிபிபிஓஇ பெயரும் பாஸ்வேர்டும், விலேன் எண்ணும் கேட்டு வாங்க வேண்டும். மாற்றிய அன்றைக்குப் பலரைத் திணறடிக்கும் ஒரு கோளாறு உண்டு. கூகுள் திறக்கும், யூடியூப் ஓடும். வங்கித் தளமோ ஜிஎஸ்டி தளமோ மட்டும் பாதியில் தொங்கும். இணைப்பு சரியில்லை என்று லைன்மேனைக் கூப்பிடுவார்கள், அவர் வந்து பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்ற அளவு 1492 ஆகச் சுருங்குகிறது. பெரிய பாக்கெட் வழியில் விழுந்துவிடுகிறது. தொடர்பு தொடங்கும்போதே அளவை 1452-க்குக் குறைத்துக்கொள்ளும்படி ஃபயர்வாலில் ஒரு வரி சேர்த்தால் போதும், தொங்கிய தளம் உடனே திறக்கும்.

விதிகள் எளியவை. அலுவலகக் கம்ப்யூட்டர்களும் பிரிண்டரும் ஒரு பகுதி. கேமராவும் வருகைப்பதிவு இயந்திரமும் ஒரு பகுதி. வந்துபோகிறவர்களின் வைஃபை ஒரு பகுதி. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது. உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கு வரும் பதில் மட்டும் வரலாம். விருந்தினர் வைஃபையிலிருந்து இணையத்துக்குப் போகலாம், அலுவலகத்துக்குள் பார்க்கக்கூடாது. கேமரா பகுதி இணையத்துக்கே போக வேண்டாம். அலுவலகத்திலிருந்து கேமராவைப் பார்க்கலாம், கேமராவிலிருந்து அலுவலகத்துக்கு வரக்கூடாது. இவற்றை எழுதிவிட்டு, மற்ற அனைத்துக்கும் ‘தடு’ என்று முடித்தால் விதிக்கோப்பு தயார். என்எஃப்டேபிள்ஸில் இது நாற்பது வரியைத் தாண்டாது.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஃபயர்வால் பெட்டிக்கே வரும் போக்குவரத்து வேறு, அதன் ஊடாகக் கடந்துபோகும் போக்குவரத்து வேறு. இரண்டுக்கும் விதிச்சங்கிலிகள் தனித்தனி. முதலாவதைப் பூட்டிவிட்டு இரண்டாவதைத் திறந்தபடி விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அடுத்தது ஐபிவி6. ஜியோ, ஏர்டெல் போன்ற இணைப்புகளில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபிவி6 முகவரி கிடைக்கக்கூடும். பழைய ஐபிடேபிள்ஸ் விதிகள் ஐபிவி4-ஐ மட்டுமே பார்க்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவை மறந்த கதை. என்எஃப்டேபிள்ஸில் இரண்டுக்கும் சேர்த்தே விதி எழுத முடியும் என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர் அதிலேயே தொடங்கட்டும். அதேவேளையில் ஐபிவி6-இல் ஐசிஎம்பி செய்திகளை முழுதாக அடைத்துவிட்டால் இணைப்பே வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து டேலி பார்ப்பது எப்படி என்றால், அதற்கு ஒயர்கார்ட் இருக்கிறது. 2020 மார்ச்சில் 5.6 கர்னலிலேயே சேர்க்கப்பட்ட விபிஎன் அது. முதலாளியின் போனுக்கும் லேப்டாப்புக்கும் தனித்தனிச் சாவி. சாவி இல்லாதவன் கதவைத் தட்டினால் பதிலே வராது, அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. 3389-ஐயும் கேமரா போர்ட்டையும் மூடிவிட்டு இரண்டையும் இதன் வழியாகவே பார்க்கலாம். ஒரு தடை உண்டு. பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கொடுப்பதில்லை. பலருக்கும் சேர்த்து ஒன்றைப் பகிர்கிறார்கள். அப்போது நிலையான முகவரிக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது வெளியே ஒரு சிறு வாடகை சர்வர் எடுத்து அதன் வழியாக இரு பக்கமும் சந்திக்கும்படி செய்ய வேண்டும். இரண்டில் எதுவானாலும், பூட்டிக் கிடக்கும் கோப்புகளுக்குப் பணயத் தொகை கேட்கும் நிலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல.

ஃபயர்வால் எதைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘இன்வாய்ஸ்’ என்று வந்த கோப்பைத் திறப்பவரை அது தடுக்காது. ஊரெல்லாம் சுற்றிவந்த பென்டிரைவைத் தடுக்காது. விலை கொடுக்காமல் ஓட்டும் திருட்டு மென்பொருளோடு வரும் விருந்தாளியையும் தடுக்காது. ஸ்குவிட் வைத்துத் தளங்களைச் சேமித்துக் கொடுத்த காலமும் போய்விட்டது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கத்தோடு வருவதால் நடுவிலிருந்து பார்க்க வழியில்லை. டிஎன்எஸ் அளவில் கெட்ட தளங்களை வடிகட்டுவது ஓரளவு பயன்படும். சுரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்களை இந்த அளவு அலுவலகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை கொடுக்கும் எச்சரிக்கைகளைத் தினமும் படிக்க ஆள் இல்லையென்றால் வெறும் சத்தம்தான். அந்த நேரத்தை பேக்கப் எடுப்பதில் செலவிடலாம்.

சட்டமும் இதில் நுழைந்துவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி நிறுவனங்கள் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரோடு கடிகாரத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் எத்தனை பேரின் பான், ஆதார் நகல்கள் இருக்கின்றன, ஸ்கேன் சென்டரில் எத்தனை பேரின் உடல்நிலை விவரம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளை டப்பா பதிவேடு எதையும் மாதக்கணக்கில் வைத்திருப்பதில்லை. லினக்ஸ் பெட்டியில் பதிவேட்டுக் காலத்தையும் நேரப் பொருத்தத்தையும் நாமே தீர்மானிக்கலாம். 180 நாள் பதிவுக்கு சாதாரண டிஸ்க்கே போதும்.

யார் பார்த்துக்கொள்வது என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். லினக்ஸ் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. உள்ளூர் கேபிள் இணைய நிறுவனங்கள் பல பயன்படுத்தும் மைக்ரோடிக் ரவுட்டருக்குள்ளும் லினக்ஸ் கர்னல்தான். 2018 ஏப்ரலில் திருத்தம் வந்த பிறகும் புதுப்பிக்காமல் விட்ட லட்சக்கணக்கான மைக்ரோடிக் கருவிகள் பிறர் வசமாயின. 2024-ல் என்எஃப்டேபிள்ஸிலேயே, பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காதிருந்த ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஆகவே மாதம் ஒருமுறையாவது அந்தப் பெட்டியைத் திறந்து புதுப்பிக்கிற, பதிவேட்டைப் பார்க்கிற, விதிக்கோப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த ஆட்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் நம்பிக்கை தருகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டற்ற மென்பொருளை இங்கே மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தமிழில் சொல்லிக்கொடுத்து வருகிறது. பெருநகரத்துக்கு வெளியே, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இப்படி ஒரு குழு விடாமல் இயங்குவது சாதாரணம் அல்ல. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான். 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. படித்த பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை மெல்ல மாறும்போது, ஊரில் இருக்கும் இருபது முப்பது அலுவலகங்களின் நெட்வொர்க்கை ஏஎம்சி முறையில் பார்த்துக்கொள்வது ஒரு நல்ல தொழிலாகவே அமையும்.

அப்படித் தொழில் செய்கிறவருக்கு ஒரு வார்த்தை. விழுப்புரத்தில் உட்கார்ந்தபடி திண்டிவனத்துப் பெட்டியில் விதியை மாற்றும்போது ஒரு வரி தவறினால் நீங்களே வெளியே பூட்டப்படுவீர்கள்; பஸ் பிடித்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போய்த்தான் திறக்க வேண்டும். மாற்றுவதற்கு முன், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி ஒரு கட்டளையை வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்யுங்கள். விதிக்கோப்பின் நகல் அலுவலகத்திலும் உங்களிடமும் இருக்கட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. தரையில் மேசைக்கடியில் வைத்த பெட்டிக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபைபர் டப்பா, ஃபயர்வால், சுவிட்ச் மூன்றையும் சுவரில் உயரமாக மாட்டி, ஒரே யுபிஎஸ்ஸில் சேருங்கள். கோப்பு மட்டும் பத்திரமாக இருந்தால் வேறொரு பெட்டியில் ஒரு மணி நேரத்தில் அலுவலகத்தை மீட்டுவிடலாம்.

என் முடிவு இது: பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற அலுவலகம், சின்னதோ பெரியதோ, லினக்ஸ் ஃபயர்வாலுக்கு மாறலாம்; கட்டணப் பெட்டிக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தை அந்த ஆளுக்குக் கொடுக்கலாம். ஆள் கிடைக்கும்வரை, இணைப்பு கொடுத்தவரின் டப்பாவோடே இருந்தாலும், இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைப் பாருங்கள். 3389, 445 அல்லது கேமராவுக்கென்று திறந்த போர்ட் ஏதாவது அதில் இருந்தால் நீக்குங்கள். கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை அணையுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை வைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை.